கடைசியாகப் போடும் கோடு

எனக்குச் சீன எழுத்து எழுதத் தெரியும் என்று எங்கள் ஒழுங்கையில் ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னைக் கண்டால் "என்னகா, சீனாவுக்கு எப்ப பயணம்?" என்று கேட்பதே திராய்மடுச் சனங்களுக்கு வேலை. கேட்கட்டும். நான் யாருக்கும் எழுதிக் காட்டப் போவதில்லை. எழுதிக் காட்ட வேண்டிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். அவள் இன்னும் வீடு வந்து சேரவில்லை.

பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. ஒரு கைப்பிடி எழுத்துகள்தான் தெரியும். ஆனால் தெரிந்ததை முறை பிழைக்காமல் எழுதுவேன். சீன எழுத்தில் வடிவம் சரியாக வந்தால் மட்டும் போதாது. எந்தக் கோடு முதல், எது அடுத்தது, எது கடைசி என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒழுங்கு மாறி எழுதினாலும் பார்வைக்கு அதே எழுத்துப் போலத்தான் இருக்கும். பழகிய கண் மட்டும் உடனே பிடித்துவிடும். அந்தப் பழகிய கண் எனக்கும் வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தால் நல்லது என்று நினைத்த நாள் ஒன்று உண்டு.

எங்கள் வீடு நாவலடியில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு துண்டு மணல். நான் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா, நான், தங்கச்சி என்று மூன்று பெண்கள்தான் வீட்டில். அப்பா தோணிக்குக் கொண்டுபோகும் பிளாஸ்க்கை அம்மா கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறம், வயிற்றில் பெரிய பூ, சீனாவில் செய்தது. அதன் அடித்தகரத்தில் நாலைந்து எழுத்துகள் அடித்திருந்தன. அதில் ஒன்று எனக்கும் தங்கச்சிக்கும் பிடித்துப்போனது. சுற்றிவர ஒரு பெட்டி. உள்ளே மூன்று படுக்கைக் கோடுகள், அவற்றைக் கோத்துக்கொண்டு ஒரு நிமிர்ந்த கோடு, பக்கத்தில் ஒரு பொட்டு. இப்படி: 国. வீட்டுக்குள் ஒரு ஆள் நிற்கிறமாதிரி எங்களுக்குத் தெரிந்தது. 'வீட்டுக்குள்ள ஆள்' என்றே அதற்குப் பெயரும் வைத்தோம்.

பிறகு அது எங்கள் பாஷையாகிவிட்டது. ஒருத்தி எங்காவது போவதென்றால் கிணற்றுக்கட்டில் அடுப்புக்கரியால் ஒரு 'வீட்டுக்குள்ள ஆள்' போட்டுவிட்டுப் போக வேண்டும். மற்றவள் வந்து பார்த்தால் பக்கத்தில் தானும் ஒன்று போட வேண்டும். கண்டேன், வந்துவிட்டேன் என்று அர்த்தம். வாயால் சொன்னால் போதாதா என்று கேட்காதீர்கள். பிள்ளைகளுக்கு வாயால் சொல்வதில் என்ன சுகம்? "கிணத்துக்கட்ட எல்லாம் கரியாக்கி வெச்சிரிக்காளுகள், அறுவாளுகள்" என்று அம்மா தும்புத்தடியோடு துரத்துவார். அடுத்த நாளும் போடுவோம்.

அதை எப்படி எழுதுவது என்பதில்தான் எங்களுக்குள் ஓயாத சண்டை. நான் முதலில் பெட்டியைக் கை எடுக்காமல் ஒரே இழுப்பில் சுற்றி மூடிவிட்டு, பிறகு உள்ளே கோடுகள் போடுவேன்.

"முதல்ல வேலி அடைக்கோணும்டி. வேலி இல்லாத வளவுக்குள்ள ஆராவது வீடு கட்டுவாங்களா?"

அவள் ஒத்துக்கொள்ளவே மாட்டாள். "கோலம் போடக்குள்ள முதல்ல புள்ளிதானே வெக்கிற? இதுக்கும் பொட்டுத்தான் முதல்."

கரியை அழுத்திப் பொட்டை வைப்பாள். பிறகு கோடுகள். கடைசியில் எல்லாவற்றையும் அணைத்தபடி ஒரே சுற்று. மூலையெல்லாம் உருண்டுபோய், பெட்டி என்றும் சொல்ல முடியாது, வட்டம் என்றும் சொல்ல முடியாது. 'என்னடி இது, தோசையா?' என்று கேட்டால் கரியை என் முகத்தில் பூசிவிட்டு ஓடுவாள்.

சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கம் கேட்டு வந்த காலத்தில் அவளைக் கொண்டுபோனார்கள். அவளுக்குப் பதினேழு. நான் அப்போது நாவலடி முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அம்மா முகாம் முகாமாகப் போய் மன்றாடினார். வன்னிக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். அவ்வளவுதான் கிடைத்த பதில். அதற்குப் பிறகு கடல் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் தோணியில் வாவியைக் கடந்து டவுன் சந்தைக்கு வந்திருந்தேன். அம்மா வீட்டில் இருந்தார். என் முன்பள்ளிப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அவரவர் வீட்டில்தான் இருந்தார்கள். இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. தண்ணீர் வடிந்து நான் திரும்பிப் போனபோது எங்கள் வளவில் மிஞ்சி நின்றது கிணறு மட்டும்தான்.

தப்பியவர்களைத் திராய்மடுவில் குடியேற்றினார்கள். வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்த வீடுகள். எனக்கும் ஒன்று கிடைத்தது. தனியாளுக்கு எதற்கு ஒரு முழு வீடு என்று யாரோ முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. என் கவலை வேறு. தங்கச்சிக்கு இது எதுவும் தெரியாது. அம்மா இல்லை என்று தெரியாது. வீடு இல்லை என்று தெரியாது. நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாது. அவள் தப்பி வந்தால் அவள் கால் நேரே போய் நிற்பது நாவலடி மணலில்தான். அங்கே யாரும் இல்லை என்று கண்டுவிட்டு, எல்லோரும் செத்துப்போனோம் என்று நினைத்துத் திரும்பிவிடுவாள்.

சண்டை முடிந்த பிறகு போனவர்களில் சிலர் வரத் தொடங்கினார்கள். இறந்துவிட்டதாக நினைத்துச் செத்த வீடு செய்து முடித்த பிள்ளையே கதவைத் தட்டி நின்ற கதையும் நடந்தது. நான் வவுனியா வரை போய் முகாம்களில் விசாரித்தேன். அப்படி ஒருத்தி இல்லை என்றார்கள். ஆனால் களுவாஞ்சிக்குடிப் பக்கம் வீடு திரும்பிய ஒரு பெண்பிள்ளை, சண்டையின் கடைசி மாதம் வரை அவளை உயிரோடு கண்டதாகச் சொன்னாள். "கால்ல சின்னக் காயம்தான் அக்கா, நடந்து திரிஞ்சவ" என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கிணற்றுக்குப் போகத் தொடங்கினேன்.

ஒரு சிரட்டையில் சுண்ணாம்பு கரைத்து, தேங்காய்த் தும்பை முடிந்து தூரிகையாக்கி, கிணற்றுக்கட்டில் எங்கள் அடையாளத்தைப் போட்டேன். சிரட்டையையும் தும்பையும் கிணற்றுக்குப் பின்னால் கல்லுக்கடியில் வைத்துவிட்டு வந்தேன். வந்தால் அவளும் பக்கத்தில் ஒன்று போட வேண்டுமே. பெயரும் விலாசமும் எழுதி வைக்கலாம்தான். அப்படி எழுதினால் அவளைத் தேடக்கூடிய மற்றவர்களுக்கும் அது வழிகாட்டும். அந்தக் காலத்தில் ஆமிக்காரர் ரோந்து வராத கடற்கரை எங்கே இருந்தது? இந்தப் பெட்டியைப் பார்த்தால் ஏதோ பிள்ளைகள் கிறுக்கியது என்று போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். என்னுடையது இருக்கும். பக்கத்தில் ஒன்றும் இருக்காது. திரும்பி வருவேன்.

அந்த நேரத்தில்தான் வீதி போடச் சீனக் கொம்பனி வந்தது. ஏறாவூருக்கு அங்கால் அவர்களுடைய முகாம். எனக்கு அங்கே ஸ்டோரில் வேலை கிடைத்தது. வந்து இறங்கும் பெட்டிகளைப் பிரித்துத் தட்டுகளில் அடுக்க வேண்டும். ஸ்டோருக்குப் பொறுப்பு ஏறாவூர் முஸ்லிம் ஒருவர், அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவோம். வாய் ஓயாத மனிதர், நெஞ்சில் கள்ளமில்லாதவர். பெட்டிகளின் மேலே எல்லாம் சீனத்தில் எழுதியிருக்கும். எது ஆணி, எது வடிகட்டி என்று தெரியாமல் நாங்கள் இருவரும் முழிப்பதைப் பார்த்துத்தான் மொழிபெயர்ப்புக்கு வந்திருந்த பெண்ணை எங்களிடம் அனுப்பினார்கள்.

இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஒற்றைப் பின்னல், பெரிய கண்ணாடி. தன் ஊரில் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவளாம். நான் முன்பள்ளியில் படிப்பித்தவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், உள்ளே வந்து கைகூப்பினாள்.

"வணக்கம் ஆசிரியை அவர்களே. தாங்கள் மதிய உணவு அருந்திவிட்டீர்களா?"

காக்கா கையிலிருந்த பெட்டியைக் கீழே போட்டுவிட்டார். "யா அல்லாஹ்! புள்ள, இது மனிசியா, ரேடியோவா?"

நான் சிரித்தேன். எவ்வளவு காலத்துக்குப் பிறகோ தெரியாது, சத்தம்போட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள், எதற்கு என்று தெரியாமலே. முகாமில் எல்லோரும் அவளைச் சீனத் தங்கச்சி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நான் மட்டும் 'பிள்ளை' என்பேன். அவள் ஒருநாள் என்னை 'அக்கா' என்று அழைத்தபோது சுள்ளென்று வந்துவிட்டது எனக்கு. "அக்கா எண்டு கூப்பிடாத. மிஸ் எண்டு கூப்பிடு" என்றேன். காரணம் கேட்கவில்லை. முகம் மட்டும் சுருங்கிப்போனது. அதற்குப் பிறகு மிஸ்தான்.

ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு நான் பழைய பழக்கத்தில் ஒரு காட்போட் பெட்டியின் மூலையில் பென்சிலால் எங்கள் அடையாளத்தைக் கீறிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

"தவறு! கதவைச் சாத்திவிட்டீர்களே! இனி மனிதர் எவ்வாறு உள்ளே செல்வார்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பென்சிலை வாங்கி எழுதிக் காட்டினாள். முதலில் இடப்பக்கத்து நிமிர்ந்த கோடு. பிறகு மேலே போய் வலப்பக்கம் மடிந்து இறங்கும் கோடு. கீழே திறந்தபடியே இருக்கிறது. அதற்குள் கோடுகள், பொட்டு, எல்லாம் போட்டு முடித்த பிறகு, கடைசியாகக் கீழே ஒரு கோட்டை இடமிருந்து வலமாகத் தனியாக இழுத்து மூடினாள். எல்லோரும் உள்ளே வந்த பிறகே கதவைச் சாத்த வேண்டும் என்று தங்கள் ஊரில் சின்னப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்களாம். எனக்கும் தங்கச்சிக்கும் இடையில் வருடக்கணக்காக ஓடிய வழக்குக்குச் சீனாவிலிருந்து தீர்ப்பு வந்துவிட்டது. இரண்டு பேருமே பிழை.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

"நாடு" என்றாள்.

நாடு என்று தெரியாமலே அதை எத்தனை சுவரில் எழுதியிருப்போம். பிறகு நாடு என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள்தான் அவளைக் கொண்டுபோனார்கள். காக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு "என்ன புள்ள, தலைசுத்தா?" என்று கேட்டார். வெயில் என்று சொல்லித் தப்பிவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அவளிடம் படித்தேன். ஏன் படித்தேன் என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது. மாலையில் செய்ய ஒன்றும் இல்லாத வீட்டுக்குப் போகிறவள், கையில் ஏதாவது எடுத்துக்கொண்டு போனால் நல்லதல்லவா? படுக்கைக் கோட்டுக்கு 'ஹெங்' என்று பெயர், நிமிர்ந்த கோட்டுக்கு 'ஷு', பொட்டுக்கு 'தியென்'. எழுதும்போது வாயாலும் சொல்ல வேண்டும். பஸ்ஸில் வரும்போது தொடையில் விரலால் எழுதி, ஹெங், ஷு, ஹெங் என்று முணுமுணுத்துக்கொண்டு வருவேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் தன் பையைத் தூக்கிக்கொண்டு வேறு சீட்டுக்குப் போனார். கடலில் எல்லாம் பறிகொடுத்து விசர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார். முழுப் பொய்யும் இல்லை.

தமிழ் எழுதிப் பழகிய கைக்கு அது லேசில் வரவில்லை. நம்முடைய எழுத்து சுழித்துக்கொண்டே ஓடும், கையை எடுக்கவே விடாது. அங்கே ஒவ்வொரு கோட்டுக்கும் நின்று, எடுத்து, திரும்ப வைக்க வேண்டும். நான் 'வாய்' என்ற எழுத்தை ஒரே சுற்றில் வளைத்துவிட்டால் அவள் நெற்றியில் அடித்துக்கொள்வாள். "மிஸ், மீண்டும்!" என்பாள். நானும் ஒருகாலத்தில் பிள்ளைகளை இப்படித்தான் பாடாய்ப் படுத்தினேன். 'கதவு' என்ற எழுத்தைச் சொல்லித்தந்த அன்று மட்டும் எனக்கு ஒரு சந்தோசம். அதில் முதலில் வைப்பது பொட்டு. 'கள்ளி, ஒண்டுலயாவது தப்பிட்டாய்' என்று மனதுக்குள் தங்கச்சியிடம் சொன்னேன்.

தாள் செலவழிக்க வேண்டாம், தங்கள் ஊரில் வயதானவர்கள் பூங்காவில் தண்ணீரால் நிலத்தில் எழுதிப் பழகுவார்கள் என்று அவள் சொன்னாள். நானும் வீட்டுச் சீமெந்துத் தரையில் தண்ணீரில் தோய்த்த தும்பால் எழுதினேன். ஒரு பக்கச் சுவரிலிருந்து தொடங்கி மறுபக்கம் போவதற்குள் முதலில் எழுதியது காய்ந்து மறைந்துவிடும். பார்க்க ஆளில்லாத வீட்டுக்கு அது தோதாகவே இருந்தது. அடுத்த வீட்டில் பிள்ளைகள் சண்டைபிடிக்கும் சத்தமும், கறி தாளிக்கும் சத்தமும் கேட்கும். என் வீட்டில் தும்பு தரையில் உரசும் சத்தம் மட்டும்தான்.

மாரி தொடங்கும் முன் ஒருநாள், ஸ்டோர் வாசலில் இருந்து அவள் தன் தாயைப் பற்றிச் சொன்னாள். ஒரே பிள்ளையாம். அக்கா தங்கை யாரும் இல்லை. தங்கள் நாட்டில் ஒரு குடும்பத்துக்கு ஒரு குழந்தைதான் என்று சட்டம் என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"உங்கட ஊருல வீட்டுக்கு ஒரு பிள்ளை பெறச் சொன்னாங்க. எங்கட ஊருல வீட்டுக்கு ஒரு பிள்ளையைத் தரச் சொன்னாங்க."

அவளுக்கு விளங்கவில்லை. அதனால் சொன்னேன். பிளாஸ்க், கடல், சவுக்கு மரங்களுக்கு அங்கால் தனித்து நிற்கும் கிணறு, கல்லுக்கடியில் வைத்த சுண்ணாம்பு, எல்லாம் சொன்னேன். தங்கச்சி கண்டால் நான் உயிரோடு இருப்பது தெரிய வேண்டும் என்பதற்காக அதை அங்கே எழுதி வைத்திருக்கிறேன், மழை வந்தால் அழிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். வந்தால் பக்கத்தில் அவளும் ஒன்று போடுவாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் நடக்காமல் போய்விடும் போல ஒரு எண்ணம். காக்கா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"ஏன் புள்ள, வந்தா அங்கால கல்லடி ஊருக்குள்ள ஆரிட்டயும் கேட்டா சொல்லுவாங்கதானே, நாவலடிச் சனம் எங்க எண்டு?"

"அங்க இரிந்து வாறவள் ஆரிட்டயும் கேட்க மாட்டாள் காக்கா. முகத்தைக் காட்டவே பயப்படுவாள். ஒளிச்சு வந்து வீட்டைப் பாத்திட்டுப் போவாள்."

அந்தப் பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாரி சொல்லி மாளாது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வட்டையெல்லாம் ஒரே வெள்ளம், எது வயல், எது வாவி என்று தெரியவில்லை. திராய்மடுவிலும் முழங்கால் தண்ணீர். எங்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். எனக்குக் காய்ச்சல். வீதி வேலை நின்றுபோனது. நான் படுக்கையிலிருந்து எழும்பி முகாமுக்குப் போனபோது, ஒப்பந்தம் முடிந்து அந்தப் பிள்ளை ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள். காக்காவும் வெள்ளத்துக்கு வராமல் வீட்டில் இருந்தார். ஸ்டோரில் என்னுடைய மேசையில் ஒரு தூரிகை மட்டும் இருந்தது. நல்ல மயிர்த் தூரிகை. போய்வருகிறேன் என்று சொல்லக்கூட ஆளில்லாமல் போயிருக்கிறாள். அதற்கும் பழகிவிட்டேன், எனக்கு யார்தான் சொல்லிவிட்டுப் போனார்கள்?

அடுத்த ஞாயிறு நாவலடிக்குப் போனேன். வெயில் ஏறிவிட்டது. சவுக்கு மரங்களைத் தாண்டியதும் தூரத்திலேயே கண்ணில் பட்டுவிட்டது. கிணற்றுக்கட்டில் என்னுடையது மழையில் கரைந்து வெறும் நிழலாகக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பளிச்சென்று, வெள்ளையாக, புதிதாக.

நான் ஓடினேனா விழுந்தேனா தெரியாது. கிணற்றுக்கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவளுடைய பெயரைச் சொல்லிக் கத்தினேன். சவுக்குத் தோப்புக்குள் ஓடிப்போய்ப் பார்த்தேன், வாவிக்கரைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். "வெளிய வாடி, நான்தான், அக்காதான்" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். யாரும் இல்லை. இல்லாவிட்டால் என்ன? வந்திருக்கிறாள். கல்லுக்கடியில் பார்த்தேன், சிரட்டை இடம் மாறியிருந்தது. உயிரோடு இருக்கிறாள், கை காலோடு இருக்கிறாள், எங்கள் பாஷை மறக்காமல் இருக்கிறாள். உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று எழும்பிவிட்டேன். இரண்டு அடி வைத்த பிறகுதான் அம்மா இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அப்போதும் அழுகை வரவில்லை, அவ்வளவு சந்தோசம். இன்றைக்கு இங்கேயே இருப்பது, இருட்டினாலும் போவதில்லை, நாளைக்கு இறால் வாங்கி அவளுக்குப் பிடித்தமாதிரிப் பொரிப்பது என்று எல்லாம் தீர்மானித்துக்கொண்டு அதன் முன்னால் மணலில் உட்கார்ந்தேன்.

அவள் முதலில் வைத்த பொட்டைத் தொட்டுப் பார்க்க ஆசை வந்தது. விரலை நீட்டினேன்.

பொட்டு மெலிந்திருந்தது.

சுண்ணாம்பில் தோய்த்த தும்பு முதலில் படும் இடம் தடித்து வழியும். எழுத எழுதக் காய்ந்து, கடைசியில் வரும் கோடுகளில் தும்புக் கீறல்தான் தெரியும். பொட்டை முதலில் வைத்திருந்தால் அது அப்பம் போல ஊதியிருக்க வேண்டும். இது காய்ந்த தும்பால் வைத்த பொட்டு. எல்லாவற்றையும் விடத் தடித்து வழிந்திருந்தது இடப்பக்கத்து நிமிர்ந்த கோடு. பார்க்காதே, பார்க்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கண் கேட்டால்தானே. கீழே பார்த்துவிட்டேன். தங்கச்சியின் தோசை இல்லை அது. மூலைகள் கத்தியால் வெட்டியமாதிரி நின்றன. கீழ்க்கோடு தனியாக இருந்தது. இடது மூலையில் தொடங்கி, பக்கக் கோடுகளின் வால்மேல் ஏறி, வலது மூலையில் தும்புக் கீறலாக முடிந்திருந்தது. எல்லோரும் உள்ளே வந்த பிறகு சாத்திய கதவு.

எங்கள் ஊரில் அப்படி எழுதத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். நான் எழுதவில்லை.

அப்போதுதான் அழுதேன். அந்தப் பிள்ளையை வாயில் வந்தபடி ஏசினேன். 'உன்னை ஆர்டி கேட்டது, உனக்கு என்னடி வேலை இங்க' என்று கடலுக்கும் கேட்கும்படி ஏசினேன். பிறகு என்னை ஏசினேன். கிறுக்கத் தெரிந்ததோடு நின்றிருக்கலாம். கோடு கோடாகப் படித்திருக்கத் தேவையில்லை. படித்திராவிட்டால் அன்றைக்கு இருட்டும்வரை, அதற்குப் பிறகும் எத்தனையோ நாள், எனக்கு ஒரு தங்கச்சி திரும்பி வந்திருப்பாள்.

திங்கட்கிழமை காக்கா வேலைக்கு வந்திருந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே தொடங்கினார்.

"அந்தச் சீனப் புள்ள போறதுக்கு முதல் நாள் என்ன வேல செஞ்சிது தெரியுமா? கொட்டுற மழைக்குள்ள நம்மட மச்சான்ட ஓட்டோவில நாவலடிக்குப் போயிரிக்கி. அவன் ஏலா எண்டிரிக்கான், தண்ணி நிக்குது எண்டு. விடல்ல. குடையும் இல்லாம மழ விடும் மட்டும் சவுக்குக்குள்ள நிண்டு, பிறகு என்னமோ சுவத்துல எழுதிட்டு வந்திச்சாம்."

"எங்க போகோணும் எண்டு சொல்லி ஓட்டோ பிடிச்சவ?" என்று கேட்டேன்.

காக்கா அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினார், சிரிக்கவைக்கத்தான்: "‘எனது அக்காவின் இல்லத்திற்குச் செல்ல வேண்டும்.’"

நான் ஸ்டோருக்குள் போய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றேன். மழை அழித்துவிடும் என்று நான் சொன்னதற்காக வந்திருக்கிறாள். அழிந்துபோன ஒன்றைப் பக்கத்தில் புதிதாக எழுதிவிட்டுப் போயிருக்கிறாள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அந்தக் கிணற்றடிக்கு எனக்காக ஒருத்தி வந்ததும் உண்மை, என்னை அக்கா என்று சொன்னதும் உண்மை. அவளைத் தங்கச்சி என்று ஒருநாளாவது கூப்பிட்டிருக்கலாம்.

வீதி முடிந்து கொம்பனி போய்விட்டது. காக்கா ஏறாவூரில் கடை போட்டிருக்கிறார். நான் இப்போதும் நாவலடிக்குப் போகிறேன். அந்தப் பிள்ளை எழுதியது மங்கும்போது அவள் எழுதிய அதே முறையில் மேலே பூசுகிறேன், கீழ்க்கோடு கடைசியில். அதற்குப் பக்கத்தில் என்னுடையது, முன்னைப்போலவே வேலி முதல். மூன்றாவதாக ஒரு இடத்தைப் பாசி சுரண்டிச் சுத்தமாக விட்டிருக்கிறேன். சவுக்கு மரங்களைத் தாண்டும்போது முதலில் கண் போவது அந்த இடத்துக்குத்தான். சுண்ணாம்பு இறுகிப்போகாமல் இருக்க, ஒவ்வொரு முறையும் சிரட்டைக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டுவிட்டு வருகிறேன்.